பழச்சீனித் தூணுக்குள் மஸாஹிர்

மஸாஹிருக்கு உட்கார்ந்தால் உறக்கம் வந்துவிடும். பஸ்ஸில் வரும், முடி வெட்டும் கடையில் வரும், வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் குத்பாப் பிரசங்கம் முடிவதற்குள் தலை இரண்டு தரம் முன்னால் விழும். படுத்தால்தான் வராது. பாயில் மல்லாந்து கூரைத் தகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். நாளைக்குச் செய்ய வேண்டியவை ஒவ்வொன்றாக வந்து தலைமாட்டில் நிற்கும்.

"படுக்கிறதும் ஒரு பழக்கம்தான். எனக்கு அது விட்டுப்போச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். மனைவி ஹாஜரா அந்தப் பேச்சுக்குச் சிரிக்கமாட்டாள்.

அவர் மன்னார்த் தீவில் பிறந்தவர். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் முஸ்லிம்கள் எல்லோரும் ஊரோடு வெளியேற்றப்பட்டபோது வயது பதினைந்து. வாப்பா, உம்மா, தங்கச்சி அலீமா ஆகியோருடன் வள்ளத்தில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார். வாப்பா அந்த மாரியிலேயே கிடுகுக் கொட்டிலுக்குள் மவுத்தாகி அடக்கமானார். பதினைந்து வயதுப் பையன் மறு கிழமையே பாலாவி உப்பளத்தில் உப்பு வாரப் போனான். வெயிலும் உப்பும் சேர்ந்து குதிகாலை வெடிக்க வைத்தன. பிறகு லொறியில் மூட்டை ஏற்றினார், இறால் பண்ணையில் அணை கட்டினார், கொத்தனுக்குக் கல் சுமந்தார். அகதி முகாமில் அடுத்த கொட்டிலில் இருந்த ஹாஜராவைக் கட்டினார். ஒரே மகள் முஃப்லிஹா வளர்ந்து குறிஞ்சிப்பிட்டியில் கலியாணம் முடித்துப் போனாள். உம்மாவும் போய்ச் சேர்ந்தார்.

யுத்தம் முடிந்ததும் அலீமாவும் அவள் புருஷனும் மன்னாருக்குத் திரும்பினார்கள். வாப்பாவின் காணி உடைமரக் காடாகிக் கிடந்தது. "ஆள் இல்லாட்டிக் காணி கைவிட்டுப் போயிரும் நானா" என்று அலீமா போனில் கோல் எடுத்தாள். மஸாஹிர் போய்க் காட்டை வெட்டினார். வீட்டுக்கு அத்திவாரம் போட்டார். அடுத்த வருடம் அரைச் சுவர் எழும்பியது. அதற்கு அடுத்த மாரியில் காடு மறுபடியும் முற்றத்துக்கு வந்துவிட்டது. எலுவன்குளத்தால் போகும் காட்டுப்பாதை அடைத்துக் கிடந்ததால் பஸ் அநுராதபுரம் சுற்றித்தான் போகும். லீவு நாள் வந்தால் பஸ் ஏறுவார். அங்கே மண்வெட்டி பிடிப்பார். திரும்பி வந்து அப்படியே வேலைக்குப் போவார். பதின்மூன்று வருடமாக இதுதான் நடை. இங்கே பாலாவியில் ஒரு வீடு, அங்கே மன்னாரில் கூரை இல்லாத ஒரு வீடு. இரண்டுக்கும் நடுவே அவர்.

பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி போகும் வீதியில், பழைய கொப்பரா ஸ்டோர் ஒன்றை இடித்துக் கட்டிய சீனித் தொழிற்சாலையில்தான் அவருக்கு வேலை. தேங்காய் வியாபாரம் செய்த லாபிர் ஹாஜியார் தொடங்கியது. நீரிழிவுக்காரருக்கான பிஸ்கட்டும் பானமும் செய்யும் கம்பனிகள் பழச்சீனியை எங்கிருந்தோ கப்பலில் இறக்குகின்றன, அதை நாமே செய்து கொடுத்தால் என்ன என்று யோசித்து நான்கு தூண்களை நிறுத்தினார். தூண் என்று சொன்னாலும் அவை உயரமான, உள்ளே வெறுமையான உருக்குத் தாங்கிகள்தான். இரண்டு மாடி உயரம். உள்ளே ரெசின் மணி. ரவையை விடக் கொஞ்சம் பொடி, பால் விடாத தேத்தண்ணீரின் நிறம்.

சாதாரணச் சீனியைக் கரைத்து உடைத்தால் அது இரண்டு சீனியாகும்: ஒன்று குளுக்கோஸ், மற்றது ஃபிரக்டோஸ் என்கிற பழச்சீனி. இரண்டும் ஒரே பாகில் கலந்து கிடக்கும்; கண்ணாலோ மூக்காலோ பிரித்து அறிய முடியாது. அதைப் பிரித்துக் கொடுப்பது அந்த மணிகள். மணி ஒவ்வொன்றிலும் கல்சியம் ஏற்றியிருப்பார்கள். மேலேயிருந்து பாகை விட்டு, பின்னால் சுடுதண்ணீரை விட்டுத் தள்ளினால் குளுக்கோஸ் நிற்காமல் இறங்கி ஓடிவிடும். பழச்சீனியைக் கல்சியம் கொஞ்சம் பிடித்து வைத்துப் பிறகு விடும். கீழ்க் குழாயில் முதலில் வருவது குளுக்கோஸ், நடுவில் வருவது கலப்பு, கடைசியில் பழச்சீனி. கலப்பு திரும்பவும் மேலே போகும். பாகின் அடர்த்தியைப் பார்த்து எப்போது எந்த வால்வைத் திருப்புவது என்பதுதான் மஸாஹிரின் வேலை. முந்தித் திருப்பினாலும் பிழை, பிந்தித் திருப்பினாலும் பிழை. பாரம் தூக்கும் வேலை அல்ல. கண் மூடாமல் இருக்கும் வேலை. உறக்கம் இல்லாத மனுஷனுக்கு அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை.

ஆனாலும் அந்த வேலையை அவர் நன்றாகத்தான் செய்தார். அங்கே இரசாயனம் பார்த்தவள் ஸும்ரா. கற்பிட்டிப் பெண்; கம்பஸில் படித்துவிட்டு வந்தவள். கெட்டிக்காரி, கண்டிப்பானவள். "மஸாஹிர் நானா ட்யூட்டியில ஈந்தா நான் போய் நிம்மதியா லுஹர் தொழுவன்" என்று சொல்வாள். அது அவருக்குப் பெரிய சந்தோஷம்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு பிறந்தது. நாட்டில் டொலர் இல்லை என்றார்கள். டீசல் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை. கரண்ட் ஒரு நாளில் பாதிக்கு மேல் இல்லாத நாட்களும் வந்தன. மற்றத் தொழிற்சாலைகளுக்குக் கரண்ட் போனால் வேலை நிற்கும். கரண்ட் வந்தால் தொடங்கும். சீனித் தூண் அப்படியல்ல. பம்ப் நின்றால் பாகு உள்ளேயே நின்றுவிடும். சுடுதண்ணீர் ஆறும். ஆறினால் கிருமி பிடிக்கும். ஜெனரேட்டருக்கு டீசல் எடுக்க லொறி புத்தளத்தில் வரிசையில் கிடந்தது, வரிசை நகரவில்லை. தண்ணீரைச் சுத்தமாக்கும் மெஷினும் ஓடாததால், இருக்கிற கொஞ்ச நேரத்துக்குக் கிணற்றுத் தண்ணீரை அப்படியே அடித்தார்கள். அந்தக் கரையில் எந்தக் கிணற்றில் உப்பு இல்லை? தண்ணீரிலிருந்த உப்பு மணிக்குள் புகுந்து கல்சியத்தை வெளியே தள்ளியது. பழச்சீனியைப் பிடித்து வைக்க உள்ளே ஒன்றும் இல்லை. இரண்டு சீனியும் கலந்தபடியே கீழே வந்தன.

மூன்றாம் தூண்தான் முதலில் படுத்தது. மேலே விட்ட தண்ணீர் கீழே இறங்கவில்லை. மூடியைத் திறந்ததும் பக்கத்தில் நின்ற சரீப் மூக்கைப் பொத்தினான். சரீப் புத்தளத்தான், மஸாஹிரோடு தூண் மண்டபத்தில் வேலை செய்பவன், வாய் சும்மா இருக்காது.

"ஹாஜியார், அல்லாஹ்வுக்காக யாரையும் உள்ளுக்கு எடுக்காதீங்க. பெக்டரி முழுக்கக் கள்ளு மணக்கிது!"

உண்மையாகவே கள்ளு மணந்தது. உள்ளே நின்ற பாகு புளித்து நொதித்திருந்தது. மணிகள் ஊதி, வெடித்து, தூளாகி, அடைப்பாய் இறுகிக் கிடந்தன.

புது ரெசின் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். வங்கியில் கேட்டால் கையை விரித்தார்கள். லாபிர் ஹாஜியார் மூன்று நாள் கணக்குக் கொப்பிகளோடு கந்தோருக்குள் இருந்தார். பிறகு ஸும்ராவைக் கூப்பிட்டார்.

"பிள்ள, இருக்கிறதக் கழுவிப் பாவிக்கேலாதா?"

"ஏலும் ஹாஜியார். எல்லா மணியும் ஒடயல்ல. வெளிய எடுத்து, தூள அரிச்சிட்டு, திரும்பக் கல்சியம் ஏத்தினா ஓடும். முந்தின மாதிரி ஓடாது. ஆனா ஓடும்."

"கல்சியத்துக்கு எங்க போற?"

"இந்த மண்ணில இல்லாத சுண்ணாம்பா? சுண்ணாம்புக் கல்ல அசிட்ல கரச்சா நமக்கு வேண்டிய கல்சிய உப்பு வரும்."

அப்படித்தான் வேலை தொடங்கியது. மேல் முக்கால் பங்கைத் தண்ணீரோடு சேர்த்து ஓஸ்பைப்பால் உறிஞ்சி எடுத்தார்கள். அடிப்பங்கு வரவில்லை, களியாக இறுகியிருந்தது. ஒருவர் உள்ளே இறங்கி மண்வெட்டியால் கிளறி வாளியில் நிரப்ப, மேலே நிற்பவர் செயின் புளொக் என்கிற சங்கிலிக் கப்பியால் இழுத்து எடுக்க வேண்டும்.

ஸும்ரா இறங்க விடவில்லை. "புளிச்ச சீனியிலருந்து வாற காத்து பாரமான காத்து. கெணத்துக்குள்ள மாதிரி அடியில தங்கும். சுவாசிச்சா ஆள விழுத்திரும்" என்றாள். பெரிய விசிறி ஒன்றைத் தூண் வாயில் கட்டி, துணிக்குழாயை அடிவரை விட்டு, ஒரு பகல் கரண்ட் இருந்த நேரமெல்லாம் காற்று அடிக்க வைத்தாள். பிறகு எரிகிற விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்த்தாள். முதல் தரம் அணைந்தது. மறுநாள் அணையவில்லை. அதன் பிறகுதான் மஸாஹிரின் நெஞ்சைச் சுற்றிப் பட்டியைக் கட்டி, கயிற்றின் மறு நுனியைச் சரீபின் கையில் கொடுத்தாள்.

"நானா, கிளறக் கிளறக் காத்து வெளிய வரும். ஃபேன் ஓடுறவரைக்கும் பயமில்ல. ஃபேன் நிண்டா கையில உள்ளதப் போட்டுட்டு ஏறி வந்திரணும். ஒரு வாளி மிச்சம் எண்டு நிக்கவாணாம். வெளங்கிச்சா?"

"ஓம் மிஸ். ஃபேன் நிண்டா ஏறுவன்."

நோன்பு மாதம். கரண்ட் வெட்டுக்கு நேரம் போட்டிருந்தார்கள். அந்த நேரத்துக்கு முன்னால் மேலே வந்துவிடுவது என்றுதான் ஏற்பாடு. முந்தின நாள் மஸாஹிர் மன்னாரிலிருந்து வந்திருந்தார். டீசல் இல்லாததால் பஸ் இல்லை. பாதித் தூரம் மீன் லொறியில் நின்றுகொண்டு வந்தார். விடியுமுன் ஸஹருக்கு ஒரு துண்டுப் பாணும் தேத்தண்ணீரும். வேலைக்குப் போகவேண்டாம் என்று ஹாஜரா சொன்னாள். "ஆள் இல்லடி. சரீப் தனிய என்ன செய்வான்?" என்று சேட்டுக்குப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போனார்.

தூணுக்குள் புழுக்கமாக இருந்தது. சுவர் எல்லாம் ஈரம். மணிக் களிக்குள் கால் முழங்கால் வரை புதைந்தது. ஒவ்வொரு தரமும் காலைப் பிடுங்கி எடுக்க வேண்டும். அவர் வாளியை நிரப்பி அதன் கயிற்றை ஆட்டுவார். வாளி மேலே போகும், வெறுமையாகக் கீழே வரும். தலைக்கு மேலே வட்டமாகத் தெரிந்த வெளிச்சத்தில் சரீபின் முகம் வந்து போகும். விசிறி ஓயாமல் இரைந்தது. அந்த இரைச்சலில் யாருடைய கதையும் கேட்காது. தலை இடிக்கத் தொடங்கியது. மூச்சு வாங்கியது. நோன்பு, அதுதான் என்று நினைத்தார்.

அப்போது விசிறி நின்றது.

போட்ட நேரத்துக்கு முன்னாலேயே கரண்டை வெட்டிவிட்டார்கள். அந்த நாட்களில் அது புதினமல்ல. இரைச்சல் அடங்கியதும் தூணுக்குள் அப்படி ஓர் அமைதி வந்தது. எத்தனையோ வருடமாகக் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று சட்டென்று நின்றதைப் போல இருந்தது மஸாஹிருக்கு. பஸ் இரைச்சல் இல்லை, பம்ப் இரைச்சல் இல்லை, ஒருவரும் கூப்பிடவில்லை. களி இளஞ்சூடாக, பஞ்சு மெத்தை மாதிரி இருந்தது. ஏற வேண்டும் என்று தெரிந்தது. கயிற்று ஏணி கைக்கு எட்டும் தூரத்தில் தொங்கியது. அதைப் பார்த்தார். 'கொஞ்சம் இருந்திட்டு ஏறுவம்' என்று நினைத்தார். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். உட்கார்ந்தார். முதுகைச் சாய்த்தார்.

"நானா! ஃபேன் நிண்டிட்டு! ஏறுங்க!"

சரீபின் குரல் எங்கோ கரைக்கு அப்பாலிருந்து கேட்டது. பதில் சொல்ல நினைத்தார். சொல்லிவிட்டதாகவே நினைத்தார்.

மேலே சரீப் கயிற்றை இழுத்துப் பார்த்தான்; பாரமாக இருந்தது. குனிந்து பார்த்தான். மஸாஹிர் தலையை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு குழந்தை மாதிரி உறங்குவது தெரிந்தது. அவன் போட்ட சத்தத்தில் ஸும்ரா ஓடி வந்தாள். சரீப் ஏணியில் காலை வைத்துவிட்டான்.

"எறங்காத!" ஸும்ரா அவன் சேட்டைப் பிடித்து இழுத்தாள். "நீயும் விழுந்தா ரெண்டு பேரையும் யாரு எடுக்கிற? கயித்தச் செயின் புளொக்ல கொளுவு!"

சாப்பாட்டு அறையைக் கூட்டிக்கொண்டிருந்த ஜெய்னம்பு விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். மூன்று பேரும் சங்கிலியைப் பிடித்து இழுத்தார்கள். செயின் புளொக் பாரத்தைத் தூக்கும், ஆனால் மெதுவாகத்தான் தூக்கும். கரகரவென்று ஒவ்வொரு கண்ணியாக. சரீப் அழுதுகொண்டே கலிமா சொன்னான். மஸாஹிரின் தலை தூண் வாய்க்கு மேலே தெரிந்தபோது உதடு நீலமாக இருந்தது. வெளியே கிடத்தி, ஸும்ரா அவர் வாயில் வாய் வைத்து ஊதினாள். அந்நிய ஆண், அந்நியப் பெண், நோன்பு என்று எவரும் ஒரு கதை கதைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நெஞ்சு பெரிதாக ஏறி இறங்கியது. மஸாஹிர் கண்ணைத் திறந்து, வெயில் கூசி, மறுபடியும் மூடிக்கொண்டார்.

"ஏன் எழுப்பினீங்க?" என்றார்.

அவர் பிதற்றுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். ஒட்சிசன் பிடித்தார்கள், ஊசி போட்டார்கள். மூளைக்கு ஒன்றும் நடக்கவில்லை, அல்லாஹ் காப்பாற்றினான் என்று டொக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் சனம் பார்க்க வந்தது. எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. ஃபேன் நின்றதும் ஏன் ஏறி வரவில்லை?

"கேக்கல்ல" என்று சொன்னார். "கிளறிக்கொண்டிருந்த நான், நிண்டது தெரியல்ல."

கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். ஹாஜரா மட்டும் வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சனம் போனபின் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள்.

"நீங்க பாயில கெடக்கக்குள்ள, பக்கத்து வீட்டு ஃபேன் நிண்டாலே எழும்பி இருக்கிற ஆள். ஒங்களுக்குக் கேக்கல்லயா?"

மஸாஹிர் தலையணையை நகர்த்திச் சுவரில் சாய்ந்தார்.

"கேட்டிச்சு" என்றார்.

"அப்ப?"

"இருந்தன்."

ஹாஜரா அவர் கையைப் பிடித்தாள். "இஞ்ச பாருங்க. உண்மையச் சொல்லுங்க. மவுத்தாகணும் எண்டா இருந்தீங்க?"

"இல்ல, ஹாஜரா. வல்லாஹி இல்ல. உறங்கணும் எண்டு இருந்தன். அவ்வளவுதான். என்னக் கூப்பிட ஆள் இல்லாத ஒரு இடம். கொஞ்ச நேரம்."

அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுது முடித்தபின் அவர் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து, பித்த வெடிப்புகளை விரலால் தடவினாள். உப்பளக் காலத்து வெடிப்புகள். எந்த எண்ணெய்க்கும் மூடாதவை.

"ரெண்டு ஊர்ல வாழுறதுக்கு ஒரு உடம்பு காணாது. எனக்கு எப்பவோ தெரியும். சொன்னா வாப்பாட காணி எண்டு கோவிப்பீங்க எண்டு வாய மூடிக்கொண்டிருந்தன்."

அவர் கோபிக்கவில்லை. காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சரீப் கஞ்சிப் பாத்திரத்தோடு வந்தான். வழக்கமான கதை அவனிடம் இல்லை. கஞ்சியைக் குடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "ஹாஜியார் மிஸ்ஸுக்குப் பயங்கர ஏச்சு. கரண்டுட நிலம தெரிஞ்சும் ஆள எறக்கினது அவட பிழையாம். நோன்பு காலத்தில ஒரு மவுத் விழுந்தீந்தா என்ன கதி எண்டு கத்தினாரு. மிஸ் வேலய உடப் போறாவாம்."

"அவ மேல என்ன பிழை? நிண்டா ஏறு எண்டு சொல்லித்தானே இறக்கினவ?"

"ஓம். ஆனா ஒங்களுக்குக் கேக்கல்லயே நானா. கேக்காத எடத்துக்கு ஆள அனுப்பலாமா எண்டு ஹாஜியார் கேக்கிறாரு."

அன்றும் மஸாஹிர் உறங்கவில்லை. காலையில் சாரத்தைக் கட்டிக்கொண்டு, ஹாஜராவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஓட்டோவில் ஏறித் தொழிற்சாலைக்குப் போனார். கந்தோரில் லாபிர் ஹாஜியார் இருந்தார். ஸும்ரா மேசைக்கு முன்னால் நின்றாள், கண் வீங்கியிருந்தது. மஸாஹிரைக் கண்டதும் ஹாஜியார் எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டார்.

"ஏன் மஸாஹிர் வந்த? ரெஸ்ட் எடுக்கச் சொல்லித்தானே..."

"ஹாஜியார், ஃபேன் நிண்டது எனக்குக் கேட்டிச்சு."

ஸும்ரா திரும்பிப் பார்த்தாள்.

"சரீப் கூப்பிட்டதும் கேட்டிச்சு. ஏணி பக்கத்தில. நான் ஏறல்ல. களைப்பாயிருந்திச்சு, இருந்திட்டன். மிஸ் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சவ. கயிறு கட்டாம விட்டிருந்தா, சரீபை இறங்க விட்டிருந்தா, இண்டைக்கு நீங்க ரெண்டு ஜனாஸா அடக்கியிருப்பீங்க."

ஹாஜியார் கதிரையில் மெல்ல அமர்ந்தார். ஏசப் போகிறார் என்று ஹாஜரா பயந்தாள். அவர் ஏசவில்லை. மஸாஹிரின் முகத்தை, இத்தனை வருடத்தில் முதல் தரம் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

"அவ்வளவு களைப்பா?" என்றார்.

"ஓம் ஹாஜியார்."

"எத்தின காலமா?"

மஸாஹிர் யோசித்தார். கேள்விக்கு எங்கிருந்து எண்ணுவது என்று தெரியவில்லை. "தெரியா" என்றார்.

ஸும்ரா வேலையை விடவில்லை. ஹாஜியார் அவளிடம் மன்னிப்புக் கேட்டாரா என்பது தெரியாது. அப்படிக் கேட்கிற மனுஷனும் அல்ல. ஆனால் மறு கிழமை ஓர் இறால் பண்ணையிலிருந்து சின்ன ஜெனரேட்டர் ஒன்று இரவலாக வந்தது, அந்த ஒரு விசிறிக்காக மட்டும். மிச்சக் களியைச் சரீபும் இன்னொருவனும் மாறி மாறி இறங்கி எடுத்தார்கள். மஸாஹிரைத் தூணுக்குக் கிட்டப் போகவே விடவில்லை. "களைப்பு மாறும்வரைக்கும் வால்வும் வாணாம்" என்று ஸும்ரா சொன்னாள். அது அவருக்குச் சுட்டது. ஆனால் நியாயம் என்று தெரிந்ததால் சொன்னபடி செய்தார்.

அவருக்குக் கொடுத்தது மணி கழுவும் வேலை. இறால் குஞ்சு பிடிக்கும் மெல்லிய வலையைத் தொட்டியில் கட்டி, களியை அதில் போட்டுத் தண்ணீரை அலசினால் தூள் போய்விடும், முழு மணி வலையில் தங்கும். மதிலோரத்து வேப்ப மரத்தின் கீழே ஒரு ஸ்டூலில் இருந்துகொண்டு செய்யும் வேலை. பக்கத்தில் ஜெய்னம்பு. அவள் பேசுவாள், அவர் உம் கொட்டுவார். கை தண்ணீருக்குள் இருக்க, தலை முன்னால் விழும். ஜெய்னம்பு வலையை அவர் கையிலிருந்து வாங்கித் தானே அலசிக்கொள்வாள். ஒருவரிடமும் சொல்லவில்லை.

கழுவிய மணியைத் திரும்பத் தூணில் நிரப்பி, ஸும்ரா சுண்ணாம்புக் கல்லில் காய்ச்சிய கல்சியத் தண்ணீரை மெதுவாக விட்டாள். ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கொஞ்சம் முன்னால் மூன்றாம் தூண் மறுபடியும் ஓடியது. பழையபடி அல்ல. பழச்சீனி குறைவு, நடுவில் வரும் கலப்பு அதிகம். ஆனால் இரண்டும் பிரிந்து வந்தன. சரீப் பழச்சீனியில் ஒரு சொட்டை விரலில் தொட்டு நக்கிப் பார்த்து, "கள்ளு இல்ல, ஹலால்!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். மஸாஹிரும் சிரித்தார். அந்தப் பழைய மணிகளை வைத்துக்கொண்டே தொழிற்சாலை அடுத்த வருடம் புது ரெசின் வரும்வரை தாக்குப் பிடித்தது. இரண்டு தூணை மூடவேண்டி வந்தது. சிலர் வேலையை இழந்தார்கள். மஸாஹிர் மாதக் கணக்கில் பகல் வேலை மட்டும் செய்து, பிறகு மெல்ல வால்வுக்குத் திரும்பினார்.

காணி விஷயத்தை முடிப்பதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. பெருநாள் கழிந்து ஒரு நாள் அலீமாவுக்குக் கோல் எடுத்தார்.

"தங்கச்சி, அந்தச் சுவரையும் காணியையும் நீ எடு. ஒண்ட மகனுக்கு வீடாகட்டும். நான் இனி வரல்ல."

அலீமா முதலில் விளங்காமல் இருந்தாள். பிறகு கோபித்தாள். "வாப்பாட காணி நானா! நம்மள அடிச்சு வெரட்டினாங்க. இப்ப நீங்களா வாணாம் எண்டு போறீங்களா? வாப்பா கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"களைச்சுப் போனன் எண்டு சொல்லுவன். வாப்பாவுக்கு விளங்கும். அவரும் களைச்சுத்தானே மவுத்தானவர்."

அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது. மஸாஹிர் போனைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தார். காணியை அவள் பேருக்கு எழுதி முடிக்கக் கடைசித் தரமாக ஒருமுறை மன்னாருக்குப் போனார். ஹாஜராவும் கூடப் போனாள். அலீமா மீன் ஆணமும் புட்டும் ஆக்கிக் கொடுத்தாள். கோபம் முகத்தில் மிச்சம் இருந்தாலும், நானாவின் புட்டுக் கோப்பையில் பெரிய மீன் துண்டையே வைத்தாள். கூரையில்லாத சுவர்களைச் சுற்றி மஸாஹிர் ஒரு தரம் நடந்தார். ஜன்னல் கட்டையில் முளைத்திருந்த ஆலங்கன்றைப் பிடுங்கி எறிந்தார். அழுகை வரும் என்று நினைத்தார். வரவில்லை. மரத்துப்போன காலில் திரும்ப இரத்தம் ஓடும்போது வருகிற மாதிரி ஒரு நோவு மட்டும் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. ஜும்ஆ முடித்து வந்து சாப்பிட்டார். வழமையாக அந்த நேரம் பஸ் பையைத் தேடுவார். இன்று தேட ஒன்றும் இல்லை. முற்றத்துக்குப் போனார், திரும்ப வந்தார். கதவின் பிணைச்சலைத் திருகி இறுக்கினார். அதுவும் முடிந்துவிட்டது. ஹாஜரா உள் அறையில் பாயை விரித்து, தலையணையைத் தட்டிப் போட்டாள்.

படுத்தார். உறக்கம் வரவில்லை. கூரைத் தகட்டில் வெயில் வெடிக்கும் சத்தம் கேட்டது. வழமையாகத் தலைமாட்டில் வந்து நிற்கும் நாளைய வேலைகள் ஒன்றும் வரவில்லை. அது வேறு மாதிரிப் பயமாக இருந்தது.

"வருதில்ல" என்றார்.

"வராட்டிப் போகட்டும். சும்மா கெடங்க."

"ஏதும் கதை, ஹாஜரா."

அவள் சுவரில் சாய்ந்து இருந்துகொண்டு, முஃப்லிஹா வீட்டு ஆடு மூன்று குட்டி ஈன்றதையும், ஒரு குட்டி பால் குடிக்காமல் அடம் பிடிப்பதையும், மருமகன் அதற்குப் போத்தலில் பால் பருக்குகிறார் என்பதையும் சொல்லத் தொடங்கினாள். மஸாஹிர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இடையில் ஒரு கட்டத்தில் அவர் உம் கொட்டுவது நின்றதை அவள் கவனித்தாள். ஆனாலும் கதையை நிறுத்தவில்லை.